கருங்கழுகும் வெண்பனியும்: பறக்கும் வேட்டைப் பறவைகளைப் படம்பிடித்த வரலாறு



சில மாதங்களுக்கு முன்பு ஒரு சனிக்கிழமைக் காலை. எங்கள் பள்ளியின் இயற்கைக் கழக மாணவர்களைப் பெற்றோர் சிலரின் துணையோடு தேயிலைத் தோட்டப் பாதையில் நடத்திச் சென்றோம். அப்போது ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் தன் தந்தையின் கைத்தொலைபேசியை வாங்கி, வானில் வட்டமிட்ட ஒரு பெரும்பறவையைப் படமெடுத்தான். எடுத்த படத்தை என்னிடம் நீட்டியபோது அவன் முகம் வாடியிருந்தது.

"டீச்சர், கழுகுதான் எடுத்தேன். காக்கா மாதிரி கறுப்பாப் போச்சு. அழிச்சிடவா?"

வெள்ளைத் தாளில் சிந்திய மைத்துளி போல இருந்தது அப்படம். இறக்கையின் வடிவம் மட்டும் தெரிந்தது. இறகு இல்லை, கண் இல்லை, அலகு இல்லை. "அழிக்காதே, வைத்திரு. இது உன் பிழை மட்டும் அன்று. நூற்று நாற்பது ஆண்டுகளாகப் பலர் இதே பிழையோடு போராடியிருக்கிறார்கள்" என்றேன். அவன் நம்பவில்லை. அவனுக்கு அன்று முழுமையாகச் சொல்ல முடியாமற்போன அந்தக் கதையைத்தான் இங்கு எழுத முற்படுகிறேன்.

தானா ராத்தாவின் ஒளி

மலாய்மொழியில் தானா ராத்தா என்றால் சமநிலம் என்று பொருள். ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில், மலைகளுக்கு நடுவே அமைந்த சிற்றூர். 1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மலைப் பகுதியை ஆய்ந்து சென்றார். 1929இல் போ தேயிலை நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன்பின் காட்டைத் திருத்திய கைகளிலும் கொழுந்து பறித்த கைகளிலும் பெரும்பங்கு நம் முன்னோர்களுடையவை.

அம்மாணவன் கண்ட பறவை கருங்கழுகு. அதன் அறிவியற்பெயரிலேயே மலாயா இருக்கிறது. 1822இல் டச்சு விலங்கியலாளர் தெம்மிங்க் அதற்கு 'மலாயாவுக்குரியது' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். காட்டு மரங்களின் உச்சியை ஒட்டி, இறக்கைகளை அதிகம் அசைக்காமல், மிக மெதுவாக மிதந்து செல்லும் பறவை இது. இறக்கை நுனி இறகுகள் விரித்த விரல்கள் போலப் பிரிந்து நிற்கும். பெயர் கருங்கழுகாயினும் உண்மையில் அது கரும்பழுப்பு. வாலில் மங்கலான பட்டைகள் உண்டு. அலகின் அடியும் கால்களும் மஞ்சள். இவை யாவும் நல்ல ஒளியில் அருகிலிருந்து பார்ப்பவர்க்கே தெரியும்.

இங்குதான் சிக்கல் எழுகிறது. வேட்டைப் பறவைகள் விடியற்காலையில் வட்டமிடுவதில்லை. வெயிலால் நிலம் சூடேறி, வெப்பக் காற்று மேலெழும்பிய பின்னரே அவை அக்காற்றில் ஏறி மிதக்கும். அந்நேரத்தில் காலையின் சாய்ந்த மென்னொளி போய்விடும். வெயில் உச்சிக்கு ஏறும். பறவையின் அடிவயிறு நிழலில் மூழ்கும். சற்று நேரத்தில் பள்ளத்தாக்கிலிருந்து மூட்டம் எழுந்து வானம் முழுவதும் வெளுத்துவிடும். கரிய பறவை, வெண்ணிற வானம், நில்லாத இயக்கம் ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்தால் எந்தக் கேமராவும் திணறும்.

ஏன் திணறுகிறது? கேமராவில் உள்ள ஒளிமானி, தான் காணும் காட்சி முழுவதும் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொண்டே கணக்கிடுகிறது. சட்டம் முழுவதும் வெண்பனியாக இருந்தால், 'ஒளி மிகுதியாக உள்ளது' என்று கருதிக் குறைத்துவிடுகிறது. வானம் சாம்பலாகிறது, பறவை கரியாகிறது. அதாவது கேமரா வானத்தை அளந்துவிட்டது, பறவையை அளக்கவில்லை. இக்கட்டுரையின் சாரம் இந்த ஒரு வரிதான். இனி வரலாற்றைப் பார்ப்போம்.

துப்பாக்கியும் தூரிகையும்

ஒளிப்படம் வளர்வதற்கு முன், ஒரு பறவையைத் துல்லியமாக அறிய ஒரே வழி அதைச் சுட்டு வீழ்த்துவதுதான். சுட்ட பறவையின் தோலைப் பாடம் செய்து அருங்காட்சியகத்தில் வைப்பர். அதைப் பார்த்து ஓவியர் வரைவர். மலாயாவிலும் இதுவே நடந்தது. அருங்காட்சியக இயக்குநர் ஹெர்பர்ட் ராபின்சன் எழுதிய மலாய்த் தீபகற்பப் பறவைகள் பற்றிய நூலின் இரண்டாம் தொகுதி 1928இல் வெளிவந்தது. மலைவாழிடங்களின் பறவைகளுக்கென்றே அமைந்த தொகுதி அது. அதிலுள்ள வண்ணப் படங்கள் ஹென்ரிக் குரோன்வோல்ட் என்னும் ஓவியர் வரைந்தவை. அழகிய ஓவியங்கள்தாம், ஆயினும் அவற்றின் பின்னே பெட்டிகளில் அடுக்கப்பட்ட பறவைத் தோல்கள் இருந்தன என்பதை மறத்தல் ஆகாது.

சுட்ட பறவை நிறத்தைச் சொல்லும், பறத்தலைச் சொல்லாது. இறக்கை எப்படி மடிகிறது, எப்படி விரிகிறது என்பதை இறந்த உடலிடம் கேட்க முடியாது அல்லவா?

சுடாத துப்பாக்கி

இக்கேள்விக்கு விடை தேடியவர் பிரான்சு நாட்டு உடலியலாளர் எட்டியென்-ஜூல் மாரே. ஓடும் குதிரையின் கால்களை 1878இல் மைபிரிட்ஜ் தொடர்படங்களாக எடுத்த செய்தி அவரைக் கவர்ந்தது. ஆனால் குதிரை ஓடும் பாதை நமக்குத் தெரியும். பறவையின் பாதை யாருக்குத் தெரியும்? வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைப் பதிவு செய்ய வானியலாளர் ஜான்சன் 1874இல் சுழல்துப்பாக்கி போன்ற ஒரு கருவியைப் பயன்படுத்தியிருந்தார். அந்த எண்ணத்தை வளர்த்து, 1882இல் மாரே ஓர் 'ஒளிப்படத் துப்பாக்கி'யை உருவாக்கினார். தோளில் வைத்துக் குறிபார்த்து விசையை அழுத்தினால் ஒரு நொடியில் பன்னிரண்டு படங்கள் பதியும். ஒவ்வொரு படத்துக்கும் ஒளி புகும் நேரம் நொடியில் 720இல் ஒரு பங்கு மட்டுமே.

இத்தாலியின் நேப்பிள்ஸ் கடற்கரையில் அவர் இத்துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பறவைகளைக் குறிபார்த்துத் திரிந்தார். ஒரு பறவையும் விழவில்லை. மனிதரோ மகிழ்ச்சியோடு வீடு திரும்பினார். இவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று ஊரார் பேசிக்கொண்டதாகச் சொல்வர்.

அவர் எடுத்த முதற்படங்கள் எப்படி இருந்தன தெரியுமா? எங்கள் மாணவன் எடுத்த படம் போலவே இருந்தன. வெளிறிய வானில் கரிய நிழலுருவங்கள். அக்காலத் தகட்டுக்கு அத்துணைக் குறுகிய நேரத்தில் போதிய ஒளி கிட்டவில்லை. மாரே சோர்ந்துவிடவில்லை. பாரிசில் தாம் அமைத்த ஆய்வு நிலையத்தில் பின்னணியையே மாற்றினார். இருண்ட பின்னணிக்கு முன்னால் வெண்ணிறப் பறவைகளைப் பறக்கவிட்டார். இறக்கையின் ஒவ்வொரு நிலையும் தெளிவாகப் பதிந்தது. வானத்தோடு மல்லுக்கட்டாமல், பறவைக்குப் பின்னால் என்ன இருக்க வேண்டும் என்று அவர் சிந்தித்தார். இப்பாடம் இன்றும் பழையதாகவில்லை.

1884இல் செருமனியில் ஒட்டோமார் அன்ஷூட்ஸ் என்பவர் தாமே உருவாக்கிய வேகத்திரை கொண்டு, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில், பறக்கும் நாரைகளைப் படமெடுத்தார். பறவைகளின் பறத்தலை ஆராய்ந்து மிதவை வானூர்தி செய்த லிலியன்தாலுக்கு இப்படங்கள் ஊக்கமளித்தன என்பர். மனிதன் வானேறிய வரலாற்றில் பறவைப் படங்களுக்கும் ஓரிடம் உண்டு.

கூட்டருகே காத்திருந்தவர்கள்

எனினும் அடுத்த அரை நூற்றாண்டுக் காலம் ஒளிப்படக் கலைஞர்கள் பெரும்பாலும் பறவைக் கூடுகளின் அருகிலேயே காத்திருந்தனர். காரணம் எளிது. பறவை எங்கே திரும்பி வரும் என்பது உறுதியாகத் தெரியும் இடம் கூடு ஒன்றுதான்.

இங்கிலாந்தின் எரிக் ஹாஸ்கிங் இவ்வகையில் புகழ்பெற்றவர். 1937இல் ஓர் ஆந்தையின் கூட்டருகே இருட்டில் மறைவிடம் ஏறும்போது அப்பறவை தாக்கியதில் அவர் தம் இடக்கண்ணை இழந்தார். அப்போது அவருக்கு வயது 27. அதன் பிறகும் அவர் கேமராவைக் கீழே வைக்கவில்லை. அமெரிக்காவில் ஹெரால்ட் எட்ஜர்டன் 1930களில் வளர்த்தெடுத்த மின்னணு ஒளிவீச்சு முறை பின்னர் பறவைப் படக்கலைக்கும் வந்தது. கண்ணிமைப்பதற்குள் தோன்றி மறையும் அவ்வொளியைக் கொண்டு, இரையோடு திரும்பும் வெண்ணாந்தையை இறக்கை விரித்த நிலையில் 1948இல் ஹாஸ்கிங் படமெடுத்தார். அதுவரை இருட்டுக்குள் மறைந்திருந்த பறத்தல் மனிதர் கண்ணுக்குத் தெரிந்தது.

நம் நாட்டிலும் ஒருவர் இருந்தார். 1915இல் கோலாலம்பூரில் பிறந்த லோக் வான் தோ. ஈயச் சுரங்கச் செல்வர் லோக் யூவின் மகன். கேத்தே திரைப்பட நிறுவனத்தை வளர்த்தவர் என்று பெரியவர்கள் அவரை அறிவர். பறவை ஒளிப்படக் கலைஞர் என்று அறிந்தவர் குறைவு. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரை விட்டு அவர் தப்பிச் சென்ற கப்பல் குண்டுவீச்சுக்கு உள்ளானது. கடுமையான தீக்காயம், சில காலம் பார்வையும் இல்லை. பின்னர் இந்தியா சென்றபோது பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் நட்பு கிடைத்தது. இருவரும் சேர்ந்து பயணம் செய்தனர். சாலிம் அலியின் ஆய்வுப் பயணங்களுக்கு லோக் பொருளுதவியும் செய்தார். போருக்குப் பின், வெண்வயிற்றுக் கடற்கழுகின் கூட்டை அதன் உயரத்திலிருந்தே படமெடுக்க உயர்ந்த சாரம் கட்டி ஏறினார். கீழிருந்து எடுத்தால் வானம் மட்டுமே பதியும் என்பதை அவர் அறிந்திருந்தார். தம் அனுபவங்களை 1957இல் நூலாக வெளியிட்டார். 1964இல் தைவானில் நிகழ்ந்த விமான விபத்தில் அவர் வாழ்வு முடிந்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கூட்டருகே நின்று படமெடுப்பதை இன்று பறவை ஆர்வலர்கள் ஊக்குவிப்பதில்லை. தாய்ப்பறவை அஞ்சிக் கூட்டைக் கைவிடக்கூடும். ஒரு படத்துக்காக ஒரு குஞ்சு பட்டினி கிடக்கலாமா? மாணவர்களுக்கு இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சாம்பல் நிறத்தைக் கற்றவர்

தமிழகத்தின் மா. கிருஷ்ணனைக் குறிப்பிடாமல் இவ்வரலாறு நிறைவுறாது. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்தவர். 1950 முதல் 1996இல் மறையும்வரை கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் இதழில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதினார். தமிழிலும் எழுதினார், அக்கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் நூலாகத் தொகுத்தார்.

கிருஷ்ணன் பெரிதும் படமெடுத்தவை யானை முதலிய காட்டு விலங்குகள். ஆயினும் ஒளி குறைந்த இடத்தில் எப்படி வேலை செய்வது என்பதற்கு அவரே நமக்கு முன்னோடி. வெவ்வேறு கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தாமே ஒரு கேமராவை அமைத்துக்கொண்டார். வேடிக்கையாக அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்தார். கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார். நிறம் துணைக்கு வராத படத்தில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட சாம்பல்களே பேச வேண்டும். நிழலில் நிற்கும் உயிரின் தோல் மடிப்பும் தெரிய வேண்டுமானால் அந்நிழலுக்கென்று ஒளியை அளந்தாக வேண்டும். விலையுயர்ந்த கருவி இல்லையே என்று ஏங்கும் இளையோர்க்கு அவர் வாழ்க்கை நல்ல மறுமொழி.

தஞ்சோங் துவானில் ஒரு நண்பகல்

மலேசியாவில் பறக்கும் வேட்டைப் பறவைகளைக் காணவும் படமெடுக்கவும் ஏற்ற இடம் போர்ட்டிக்சனுக்கு அருகிலுள்ள தஞ்சோங் துவான். பழைய கலங்கரை விளக்கம் நிற்கும் காட்டு முனை அது. தெற்கே குளிர்காலத்தைக் கழித்த தேன்பருந்துகள், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சுமத்ராவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து வடக்கு நோக்கித் திரும்புகின்றன. கடலின் மேல் அவற்றைத் தூக்கிவிடும் வெப்பக் காற்று கிடைப்பதரிது. ஆகவே களைத்துத் தாழ்ந்து வந்து இம்முனையில் கரையேறுகின்றன. கரையேறியதும் நிலத்து வெப்பக் காற்றைப் பற்றி மீண்டும் சுழன்று உயர்கின்றன. மலேசிய இயற்கைக் கழகம் 2000ஆம் ஆண்டில் இங்கு வேட்டைப் பறவை காணும் விழாவைத் தொடங்கியது.

நான் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்ற காலத்தில் நண்பர்களோடு அங்குச் சென்றேன். இரவல் வாங்கிய கேமரா. 36 படங்கள் கொண்ட ஒரே படச்சுருள். நண்பகல் வெயிலில் தலைக்குமேல் பருந்துகள் வந்தன. மூச்சைப் பிடித்துக்கொண்டு 36 படங்களையும் எடுத்துத் தீர்த்தேன். கழுவி வந்தபோது 36 கரும்புள்ளிகள்! அந்த மாத உதவித்தொகையில் பெரும்பகுதி கரைந்ததுதான் மிச்சம். அருகில் நின்ற முதியவர் ஒருவர் அன்றே சொன்னார்: "வானத்தைப் பார்த்து அளக்காதேம்மா, பறவையைப் பார்த்து அள." எனக்கு அப்போது விளங்கவில்லை.

இன்று நிலைமை மாறிவிட்டது. எண்மக் கேமராவில் எடுத்தவுடன் பார்க்கலாம், திருத்திக்கொள்ளலாம். 1985இல் மினோல்டா 7000 வந்தபின் தானே குவியம் தேடும் கேமராக்கள் பரவின. 2020க்குப் பின் வந்த சில கேமராக்கள் பறக்கும் பறவையின் கண்ணையே கண்டறிந்து தொடர்கின்றன. ஆனால் வெண்பனியின் முன் பறக்கும் கருங்கழுகுக்கு எவ்வளவு ஒளி வேண்டும் என்பதை இன்றும் மனிதரே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

பாட்டியின் முகம்

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. என் பாட்டிக்கு இருந்தது ஒரே ஒரு படம். கூடையை முதுகில் சுமந்து, மற்றப் பெண்களோடு தேயிலைச் சரிவில் நிற்கிறார். யாரோ வெளியார் எடுத்தது. பின்னால் பளீரென்று வெண்பனி, அழகான மலைத்தொடர், தேயிலை நிரைகள் தெளிவாகத் தெரிகின்றன. பெண்களின் முகங்கள் மட்டும் தெரியவில்லை. ஏழு கரிய உருவங்கள். அவற்றுள் மூன்றாவது உருவம் பாட்டி என்று அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். படமெடுத்தவர் மலையை அளந்தார், மனிதரை அளக்கவில்லை.

அப்படத்தைக் கணினியில் ஏற்றி ஒளியைக் கூட்டிப் பார்த்தேன். கறுப்பு சாம்பலாயிற்றே தவிர, முகம் வரவில்லை. படச்சுருளில் பதியாத ஒன்றை எந்தக் கருவியாலும் மீட்க இயலாது. பாட்டியின் முகம் எப்படி இருந்தது என்பதை என் பிள்ளைகள் இனி அறியப் போவதில்லை.

கருங்கழுகு இந்த மலைக்கு மட்டும் உரியதன்று. மேற்குத்தொடர்ச்சி மலையிலும் இலங்கை மலைநாட்டிலும் அதே பறவை மிதக்கிறது. தமிழர் தேயிலைக் கூடை சுமந்த மூன்று மலைநாடுகளிலும் அவர்கள் தலைக்குமேல் வட்டமிட்ட பறவை அது. தோட்டத்தில் வளர்ந்த நமக்கோ அது கோழிக்குஞ்சு தூக்கும் ஏதோ ஒரு பருந்து. பெயர் தெரியாத கரும்புள்ளி. நம்மைச் சரியாகப் பதிவு செய்யாதவர்களைக் குறைசொல்லும் நாம், நம் பக்கத்திலிருக்கும் உயிர்களைச் சரியாகப் பார்த்தோமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வகுப்பறைக்கும் வீட்டுக்கும்

ஆசிரியர்களும் பெற்றோர்களும் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரத்தக்க சில குறிப்புகள்:

1. வெண்ணிற வானில் கரிய பறவையை எடுக்கும்போது கேமராவின் ஒளியளவை ஒன்று முதல் இரண்டு படி கூட்டுக. கைத்தொலைபேசியில் பறவையின் மீது விரலை வைத்து அழுத்தி, ஒளியை உயர்த்தலாம். வானம் வெளுத்துப்போனால் போகட்டும்.

2. பறக்கும் பறவைக்கு நொடியில் 1,600இல் ஒரு பங்கு அல்லது அதனினும் குறைந்த நேரம் நல்லது. மூட்டத்தில் அதற்கு ஒளி போதாவிடில் ஐ.எஸ்.ஓ. அளவை உயர்த்துக. சற்றுப் புள்ளி விழுந்த படம், கரியான படத்தினும் மேல்.

3. பின்னணியை மாற்றுக. நம் மலையில் இது எளிது. மேட்டின் உச்சியில் நின்றால் கழுகு நமக்குக் கீழே பறக்கும். அதன் பின்னே வானம் இராது, தேயிலைப் பச்சை இருக்கும். மாரே செய்ததும் இதுவே.

4. கூட்டை நெருங்கற்க. கல்லெறிந்து பறவையைக் கிளப்பற்க.

5. வகுப்பில் சன்னலுக்கு முன் பிள்ளைகளை நிறுத்திப் படமெடுக்காதீர். பள்ளி ஆண்டிதழைப் புரட்டிப் பாருங்கள். எத்தனை பிள்ளைகளின் முகம் இருட்டில் போயிருக்கிறது என்பது தெரியும். பதாகையும் மேடையும் தெளிவாக இருக்கும். பரிசு வாங்கும் பிள்ளை நிழலாக நிற்கும்.

இரண்டு வாரம் கழித்து அம்மாணவனை அவன் தந்தையோடு மேட்டுக்கு அழைத்துச் சென்றேன். என் பழைய கேமராவைக் கொடுத்தேன். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். பனி வந்தது, விலகியது, மீண்டும் வந்தது. பத்தரை மணியளவில் கருங்கழுகு எங்களுக்குக் கீழே, தேயிலை நிரைகளின் மேலாக, அவசரமின்றி மிதந்து சென்றது. அவன் ஒன்பது படங்கள் எடுத்தான். எட்டுப் படங்கள் கலங்கிப் போயின. ஒன்பதாவதில் ஓர் இறக்கை சற்று மங்கல்தான். ஆனால் முதுகின் பழுப்பு தெரிந்தது. அலகடியின் மஞ்சள் தெரிந்தது.

சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு அவன் கேட்டான்: "டீச்சர், இது கறுப்பே இல்லையா?"

பழைய கரும்புள்ளிப் படத்தையும் புதிய படத்தையும் அருகருகே அச்செடுத்து வகுப்பின் பின்சுவரில் ஒட்டியிருக்கிறோம். இரண்டுக்கும் கீழே அவனே பெயர் எழுதினான்: கருங்கழுகு, தானா ராத்தா.